ஈயாஸ்திரம்

பால் கறக்கும்போது வீரலட்சுமி பாதித் தூக்கத்தில்தான் இருப்பாள். பல வருடமாக இதுதான் வழக்கம். வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டுமானால் காலை ஐந்து மணிக்கு எழ வேண்டும், இல்லையென்றால் பகல் தூக்கத்தை விட வேண்டும். அந்த வீட்டில் அப்படியொரு கெட்ட பழக்கம் அவளைத் தவிர யாருக்கும் இல்லை.

கன்றை ஊட்டவிட்டு, மடி சுரந்ததும் பிடித்துக் கட்டிவிட்டு, வாளியை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, பிச்சியின் விலாவில் நெற்றியைச் சாய்ப்பாள். பிச்சி செவலை நிறக் கலப்பின மாடு. முகத்தில் மட்டும் ஒரு பிச்சிப்பூ அளவுக்கு வெள்ளை. சாய்ந்த நெற்றிக்குள் வெதுவெதுவென்று சூடு ஏறும். மாட்டின் வயிற்றுக்குள் ஏதோ உருளும். முதலில் அது திண்டுக்கல் ஜங்ஷனில் சரக்கு ரயில் நகர்வதுபோல் கேட்கும். செத்த நேரத்தில் பஸ் இன்ஜினாக மாறிவிடும். விரல்கள் தம் பாட்டுக்குக் கறந்துகொண்டிருக்க, வீரலட்சுமி ஜன்னலோரத்தில் உட்கார்ந்து சிறுமலைக்குப் போய்க்கொண்டிருப்பாள்.

அந்த பஸ்ஸில் கண்டக்டர் கிடையாது. எங்கே போகிறாய், எப்போது திரும்புவாய், சோறு வடித்துவிட்டாயா என்று கேட்க ஆள் கிடையாது. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் ஒரு மேகம் ஜன்னல் வழியாக ஏறி, பக்கத்து சீட்டில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு, மறுபக்கத்து ஜன்னல் வழியாக இறங்கிப் போகும். பதினெட்டு வளைவு என்பார்கள். அவள் பன்னிரண்டு, பதின்மூன்று வரை போயிருக்கிறாள். அதற்குள் மடி வற்றிவிடும்.

நிஜத்தில் அந்த மலை வாசலுக்கு நேர் கிழக்கே நிற்கிறது. அவள் ஒருநாளும் ஏறியதில்லை. காலை ஐந்துக்கும் மாலை மூன்றுக்கும் கறவை வைத்திருக்கிறவள் எந்த மலைக்குப் போவது? அவளைப் போகவிடாமல் கட்டிப்போட்டதும் பிச்சிதான், தினம் இரண்டு வேளை கூட்டிப்போனதும் பிச்சிதான்.

இந்த ஐப்பசியில் பஸ் மூன்றாவது வளைவைத் தாண்டவில்லை.

காரணம் ஈ. மழை விட்டு வெயில் அடித்த நாளிலிருந்து பிச்சியின் கண்ணோரத்தில் கொத்துக் கொத்தாக உட்கார்ந்தது. மடியில், காலில், முதுகில், எங்கும். பிச்சி தலையை உதறுவாள். காலைத் தூக்கித் தரையில் அடிப்பாள். சாணியில் தோய்ந்த வால் சுழன்று வந்து வீரலட்சுமியின் கன்னத்தில் பொத்தென்று விழும். பஸ் நின்றுவிடும். மறுபடி நெற்றியைச் சாய்த்துக் கிளப்பினால் மறுபடி ஓர் அடி. போன வாரம் ஓர் உதையில் வாளியே கவிழ்ந்து, பாலெல்லாம் சாணிக்குழியைப் பார்த்து ஓடியது.

இந்த இடத்தில் வீரலட்சுமியின் கணவர் ஒச்சப்பனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அவரே சொல்லிவிடுவார்.

ஒச்சப்பன் அரசு அலுவலகம் ஒன்றில் முப்பத்தொரு வருடம் ஃபைல் கட்டி ஓய்வு பெற்றவர். அத்தனை வருடத்தில் அவர் பேசியதை யாரும் குறிப்பெடுத்ததில்லை. ஓய்வுக்குப் பிறகு எங்கேயோ மூன்று நாள் இயற்கை விவசாயப் பயிற்சிக்குப் போனார். திரும்பி வரும்போது தோளில் பச்சைத் துண்டு, கையில் துணிப்பை, துணிப்பைக்குள் ஒரு சர்டிபிகேட். சர்டிபிகேட்டைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு, கல்யாணப் படத்துக்கு ஒரு ஆணி மேலே மாட்டினார். அன்று முதல் இயற்கை அவருடைய பொறுப்பில் வந்தது. அதுவரை அது தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

வந்த கையோடு இரண்டு உத்தரவு போட்டார். ஒன்று, சாயங்காலம் தொழுவத்தில் வீரலட்சுமி போடுகிற வேப்பிலை, நொச்சி மூட்டம் இனி கூடாது. புகை காற்றைக் கெடுக்கிறது. இரண்டு, சாணியைத் தூரத்துக் குப்பைக்குழிக்குக் கொண்டுபோகக் கூடாது. உரக் கலவைக்கு வேண்டும், தொழுவத்தை ஒட்டியே குவிக்க வேண்டும். அவள் சரிங்க என்றாள். ஈக்கள் அதைவிடச் சந்தோஷமாகச் சரி என்றன.

ஈ பெருகியதும் ஒச்சப்பன் கவலைப்படவில்லை. இப்படி ஒரு எதிரிக்காகத்தான் அவர் காத்திருந்தார். ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் டிரம்மில் கோமியம் ஊற்றினார். வேப்பிலை, ஆடாதோடை, வசம்பு, பூண்டு, பச்சை மிளகாய் எல்லாம் இடித்துப் போட்டார். இதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் பயிற்சியில் சொல்லித்தந்த கலவை ஒவ்வொன்றிலும் நாட்டுச்சர்க்கரை இருந்தது. பயிருக்கு ஊட்டம் கொடுக்கிற கலவை அவை. நுண்ணுயிர் பெருக இனிப்பு வேண்டும் என்று நோட்டில் அடிக்கோடிட்டு எழுதியிருந்தார். எனவே இதிலும் நாலு கிலோ நாட்டுச்சர்க்கரை போட்டார். கனிந்து கறுத்த சிறுமலைப் பழம் இரண்டு சீப்பு பிசைந்து போட்டார். வாயைத் துணியால் வேடுகட்டி ஏழு நாள் ஊறவைத்தார். ‘ஈயாஸ்திரம்’ என்று பெயர் வைத்தார். பார்முலாவை யாரும் திருடிவிடக் கூடாது என்று டிரம்மைச் சுற்றிச் சங்கிலி போட்டு, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திண்டுக்கல் பூட்டையும் தொங்கவிட்டார். சாவி அவருடைய அரைஞாண் கயிற்றில்.

எட்டாம் நாள் காலை, போனை மரத்தில் கட்டி வீடியோ ஓடவிட்டு, பிச்சியின் மேல் ஈயாஸ்திரத்தைத் தெளித்தார்.

“பதினஞ்சு நிமிஷத்துல பாரு,” என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பதினைந்து நிமிஷம் கழித்துப் பார்த்தார்கள். பக்கத்துத் தெரு ஈயும் வந்திருந்தது.

“என்னங்க, கூடியிருக்கு?”

“அது அப்படித்தான். சாகுறதுக்கு முன்னாடி ஒரு ஆட்டம் ஆடும்.”

“சாகுறாப்புல தெரியலையே. சம்பந்தி வீட்டு விருந்துக்கு வந்தாப்புலல்ல உக்காந்திருக்கு?”

“நுண்ணுயிரப் பத்தி ஒனக்கு என்ன தெரியும் புள்ள? மூணு நாள் கிளாஸ்ல உக்காந்தியா?”

அவள் உட்காரவில்லை. அந்த மூன்று நாளும் அவள் பால் கறந்துகொண்டிருந்தாள்.

அன்று மாலை கறவையில் ஓர் அதிசயம் நடந்தது. கன்றை ஊட்டவிட்டால் அது மடிக்குப் போகாமல் தாயின் விலாவை நக்கிக்கொண்டே நின்றது. இழுத்தாலும் வரவில்லை. வீரலட்சுமி அதே இடத்தில் ஒரு விரலை வைத்துத் தடவி, நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்தாள். கசப்பு, காரம், அதற்கடியில் நல்ல தித்திப்பு. கண்ணை மூடினால் கோயில் பிரசாதம்.

“இனிப்பாயிருக்குங்க,” என்றாள் ஒச்சப்பனிடம். “இனிப்புக்குத்தானே ஈ வரும்?”

“இது நாட்டுச்சர்க்கரை. இயற்கை இனிப்பு. அதுக்கு வராது.”

“அது ஈக்குத் தெரியுமா?”

ஒச்சப்பன் பச்சைத் துண்டைத் தோளில் சரி செய்தார். அவர் தோற்கும்போதெல்லாம் அந்தத் துண்டு நழுவும்.

“கோளாறு மருந்துல இல்ல. மாட்டுல. கலப்பின மாடு, அதான் இயற்கை ஒத்துக்க மாட்டேங்குது. ஞாயித்துக்கெழம இங்க செயல்விளக்கக் கூட்டம் வச்சிருக்கேன், தெரியும்ல? எங்க இயற்கைப் பேரவைத் தலைவரு கருப்பணன் வாராரு. அன்னைக்கும் இவ இப்படி ஈயோட நின்னு என் மானத்த வாங்குனான்னு வையி, திங்கக்கெழம தரகரு வந்து ஓட்டிக்கிட்டுப் போயிருவாரு. பேசி முடிச்சாச்சு.”

வீரலட்சுமி வாளியை எடுத்துக்கொண்டு பிச்சியிடம் போனாள். மருந்து தப்பாக இருக்கலாம் என்பதைவிட மாடே தப்பு என்று முடிவுகட்டுவது அவருக்குச் சுலபமாக இருந்தது. அன்று விலாவில் நெற்றியைச் சாய்த்தபோது பஸ் கிளம்பவேயில்லை. ஸ்டாண்டில் இருட்டாக நின்றது. அவள் அதன் படியில் வெறுமனே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் சொசைட்டிக்குப் பால் கொண்டுபோகும் வழியில் பக்கத்து வீட்டு மரியசெல்வியிடம் கேட்டாள். மரியசெல்விக்கு இரண்டு மாடு. இரண்டும் ஈத் தொல்லை இல்லாமல் அசைபோட்டுக்கொண்டிருக்கின்றன.

“ஒம் மாட்டுக்கு மட்டும் எப்படிடி ஈ இல்ல?”

“எங்க வீட்டுக்காரரு எதையும் கண்டுபிடிக்கலக்கா.”

இரண்டு பேரும் பால்கேன் தளும்பச் சிரித்தார்கள். பிறகு மரியசெல்வி சாதாரணமாகச் சொன்னாள்: “என்னத்தப் பெருசா? சாணிய அன்னன்னைக்கு அள்ளிருவேன். மூத்திரம் தேங்கவிட மாட்டேன். வேப்பெண்ணெயில பாதிக்கு மேல தேங்காண்ணெயக் கலந்து, துளி கற்பூரத்தப் பொடிச்சுப் போட்டு, பழைய துணியில நனைச்சு மேலாகத் தொடச்சு விடுவேன். கண்ணுக்கும் மடிக்கும் கிட்டக்கப் போக மாட்டேன். சாயங்காலம் மூட்டம். நீயும் இம்புட்டு நாளா இதத்தானேக்கா செஞ்ச?”

“செஞ்சேன்தான். இப்ப எங்கூட்டுல இயற்கை வந்துருச்சுல்ல.”

திரும்பி வந்தபோது டிரம்மின் வேடுதுணி தெரியவில்லை. துணி முழுக்கக் கறுப்பாக ஈ அப்பியிருந்தது. நெருங்கினால் ஒரே ரீங்காரம். பூட்டுக்கு மேலேயும் நாலைந்து காவல் இருந்தன. வீரலட்சுமி வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். வேப்பமரத்து நிழல் டிரம்மின் மேல் அசைந்தது. ஈக்களின் ரீங்காரம் தூரத்து மலைப்பாதையில் வண்டி ஏறுகிற சத்தம்போல் இருந்தது. அந்த அரைத்தூக்கத்தில்தான் அவளுக்கு யோசனை வந்தது. அவளுடைய நல்ல யோசனைகளெல்லாம் அங்கேதான் வரும்.

இரவுச் சாப்பாட்டில் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் வைத்தபடி மெதுவாக ஆரம்பித்தாள்.

“ஏங்க, அம்புட்டுப் பெரிய கண்டுபிடிப்பு மாட்டுத்தொழுவத்துல கெடக்குறது நல்லாவா இருக்கு? வாரவங்க என்ன நெனைப்பாங்க? மேடையில வச்சு ஒரு மாலையப் போட்டா ஒரு கௌரவமா இருக்கும்ல?”

ஒச்சப்பன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். முப்பத்தொரு வருடத்தில் அவருக்கு யாரும் மேடை போட்டதில்லை.

“நானே அதத்தான் சொல்லணும்னு இருந்தேன்,” என்றார்.

சனிக்கிழமை டிரம் தொழுவத்திலிருந்து நகர்ந்து, வாசல் பக்கத்துப் பந்தலுக்கு வந்தது. ஈக்களும் பின்னாலேயே ஊர்வலமாக வந்தன. தொழுவத்தை ஒட்டியிருந்த சாணிக்குவியலையும், “வாரவங்களுக்கு நாறும்ல?” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மரியசெல்வியோடு சேர்ந்து பழைய குழிக்கே அள்ளிவிட்டாள். ஞாயிறு விடியலில் ஒச்சப்பன் வேட்டிக்குக் கரை சரியாக வருகிறதா என்று கண்ணாடி முன்னால் நின்றபடியே, கைத்தெளிப்பானில் ஈயாஸ்திரத்தை நிரப்பி அவளிடம் கொடுத்தார்.

“மாட்டுக்கு நல்லா அடிச்சு விடு. அப்படியே மேடைக்கும், சேருக்கு அடியிலயும் தெளி. பெரிய மனுசங்க உக்காருற எடம், ஒரு ஈ வரக் கூடாது.”

“சரிங்க,” என்றாள். சொன்னதில் பாதியை அப்படியே செய்தாள். மேடைக்குத் தெளித்தாள், சேர்களுக்குத் தெளித்தாள், தலைவர் சேருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தெளித்தாள். மாட்டுக்குப் போனபோது தெளிப்பான் காலியாகியிருந்தது. அதற்கு என்ன செய்வது?

பிச்சியை வெந்நீர் கலந்த தண்ணீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் தடவினாள். பச்சை வேப்பிலையும் நொச்சியும் காய்ந்த எருவின் மேல் போட்டுத் தொழுவத்துக்கு வெளியே, காற்று வருகிற பக்கமாக மூட்டம் வைத்தாள். புகை எழுந்து நிற்காமல் தரையோடு தரையாகத் தவழ்ந்து வந்து, பிச்சியின் கால்களைச் சுற்றிக்கொண்டது. மாடு புகையின் மேல் மிதப்பதுபோல் இருந்தது.

பதினோரு மணிக்குக் கருப்பணன் வந்தார். அகில உலக இயற்கைப் பேரவையின் தலைவர். அந்த உலகம் வத்தலக்குண்டோடு முடிந்துவிடும் என்றாலும் பேனரில் பூமி உருண்டையே போட்டிருந்தார்கள். செவ்வந்தி மாலை போட்ட டிரம்முக்குப் பக்கத்தில் அவரை உட்காரவைத்தார்கள். நாற்பது பேர் வந்திருந்தார்கள். கேசரி இருப்பது தெரிந்து இன்னும் பத்துப் பேர்.

கருப்பணன் மைக்கைப் பிடித்தார். “ஈக்களின் ஆதிக்கத்திலிருந்து மாடுகளை விடுவிக்க வந்திருக்கும் மாமனிதர் ஒச்சப்பன் அவர்களே!”

முதல் ஈ தலைவருக்குப் போர்த்திய பொன்னாடையில் உட்கார்ந்தது. அது போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஐந்து நிமிஷத்தில் மேடையே ரீங்கரித்தது. டிரம்மில், மாலையில், மைக்கில், தலைவருடைய வழுக்கையில். அவர் ஒரு கையால் பேசி மறு கையால் விசிறினார். பிறகு இரண்டு கையாலும் விசிறினார்.

“தலைவரே, மீசையில ரெண்டு,” என்று கூட்டத்திலிருந்து பால் சொசைட்டியில் வேலை பார்க்கும் இருளப்பன் அக்கறையோடு சொன்னார். “எடது பக்கம். இல்ல, ஒங்களுக்கு எடது பக்கம்.”

“இயற்கையோடு இணைந்து…” என்று தலைவர் வாயைத் திறந்தார். இணைந்தது. அவர் இருமி, தண்ணீர் குடித்து, மிச்சப் பேச்சைக் கைவிட்டு, “மாட்டைப் பார்க்கலாமா?” என்று கேட்டார். அவ்வளவு சுருக்கமாக அவர் பேசியதே கிடையாதாம்.

ஒச்சப்பனின் துண்டு முழங்கை வரை நழுவியிருந்தது. கூட்டம் தொழுவத்தை நோக்கி நடந்தது. வீரலட்சுமி கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இனி எல்லாமே பிச்சி கையில்.

தொழுவத்தருகே வந்ததும் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள்.

மெல்லிய நீலப் புகைக்குள் பிச்சி படுத்திருந்தாள். கண்கள் பாதி மூடியிருந்தன. தாடை மட்டும் மெதுவாக அசைந்தது. வால் எங்கோ மறந்துபோன கயிறுபோலத் தரையில் கிடந்தது. ஓலை இடுக்கில் இறங்கிய வெயில் புகையில் குச்சி குச்சியாக நின்றது. கன்று தாயின் கழுத்தில் தலையை வைத்துத் தூங்கியது. ஓர் ஈ இல்லை. வந்தவர்கள் அத்தனை பேரும் என்னவோ சாமி சன்னதியில் நிற்பதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். ஒருவருக்குக் கொட்டாவி வந்தது. அது வரிசையாக எல்லோருக்கும் பரவியது.

“மூட்டமா இருக்கே?” என்றார் கருப்பணன் கிசுகிசுவென்று.

“மலையில இருந்து எறங்குன மேகம்யா,” என்றாள் மரியசெல்வி. “இந்தப் பக்கம் இந்த நேரத்துக்கு வரும்.”

கருப்பணன் சிறுமலையைத் திரும்பிப் பார்த்தார். மலை தெளிவாக, ஒரு மேகமும் இல்லாமல் நின்றது. ஆனாலும் தலையாட்டினார். தெரியாது என்று சொல்வது தலைவர்களுக்கு வழக்கமில்லை.

“ஒச்சப்பன், இது சாதனை! மாட்டு மேல ஒண்ணுகூட இல்ல!”

“எப்படி இருக்கும்? அம்புட்டும் மேடையிலல்ல இருக்கு,” என்றார் இருளப்பன்.

சிரிப்பு தொழுவத்தைச் சுற்றி ஓடி அடங்கியது. தலைவர் அதைக் கேட்காததுபோல் பிச்சியோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். அவர் முகத்தில் பேசப்படாத பாதிச் சொற்பொழிவு இன்னும் மிச்சமிருந்தது.

“இந்த மாட்ட மட்டும் என்ன ஆனாலும் குடுத்துறாதீங்க. மாவட்டம் பூராக் காட்டணும். நம்ம மருந்துக்கு இதுதான் சாட்சி!”

வீரலட்சுமி கம்பத்தை விட்டாள். உள்ளங்கையில் மரச்சிராய் குத்தியிருந்ததை அப்போதுதான் கவனித்தாள்.

ஒச்சப்பன் குனிந்து பிச்சியின் முதுகைத் தொட்டார். விரலை மூக்கருகே கொண்டுபோனார். வேப்பெண்ணெய். நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். அவள் கிழக்கே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்தே போனை எடுத்துத் தரகரைக் கூப்பிட்டார். “இல்லப்பா, நாளைக்கு வர வேணாம். அது ஆராய்ச்சி மாடு.”

மூன்று மணிக்குப் பந்தல் காலி. கேசரி காலி. ஒச்சப்பன் குளித்துவிட்டு, மேல் சட்டையில்லாமல் தொழுவத்துக்கு வந்தார். துண்டும் இல்லை, அது மேடையில் ஈக்களோடு கிடந்தது. வீட்டில் ஈ இல்லாத இடம் இப்போது இது ஒன்றுதான். கம்பத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார்.

வீரலட்சுமி கறந்துகொண்டிருந்தாள். வாளியில் பால் சர் சர் என்று விழுந்தது.

“ஏ புள்ள.”

“ம்.”

“சக்கரைய… கொறைக்கணுமோ?”

“போடவே வேணாங்க. டிரம்ம அப்படியே குப்பைக்குழி பக்கம் உருட்டி விட்ருங்க. இருக்குற ஈயெல்லாம் அங்கிட்டுப் போயிரும்.”

அவர் கை வெறும் தோளில் துண்டைத் தேடியது.

“நானும் அதத்தான் நெனச்சேன்,” என்றார்.

அவள் சிரித்தாளா என்று அவருக்குத் தெரியாது. முகம் மாட்டின் விலாவில் புதைந்திருந்தது. புகை இருவருக்கும் நடுவே படுத்திருந்தது. அவர் வேறு என்னவோ விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். இரண்டாவது வாக்கியத்தில் குறட்டையாகிவிட்டது.

சரக்கு ரயில் நகர்ந்தது. பிறகு இன்ஜின் மெதுவாகப் பிடித்தது. மூன்றாவது வளைவில் அவள் பழக்கதோஷத்தில் கன்னத்தை இறுக்கினாள். அடி விழவில்லை. நாலாவது, ஐந்தாவது. கீழே வயல்கள் சின்னச் சின்னக் கட்டமாக, யாரோ உலர்த்திப்போட்ட சுங்குடிச் சேலைபோல விரிந்தன. ஒரு மேகம் ஏறியது. நொச்சி வாசம் அடித்தது. பதின்மூன்றுக்குப் பிறகு அவள் எண்ணவில்லை.

ஏதோ சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தாள். கடைசி சீட்டில் ஒச்சப்பன், சட்டையில்லாமல், வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். எந்த ஸ்டாப்பில் ஏறினார் என்று தெரியவில்லை.

இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.